போக்சோ கோர்ட்டில் ஒரு குழந்தை சாட்சி சொன்ன நாள்

போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் குழந்தைகளுக்குத் துணை நபராகப் போகிறவள் நான், குழந்தைகள் நலக் குழு நியமிக்கும். சமீபத்தில் ஒரு சின்னப் பிள்ளையோடு போனேன், வயதும் ஊரும் வேண்டாம். கோர்ட் வழக்கைக் கையில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கோ வாய்தா மேல் வாய்தா.

"என்ன சொல்லணும்னு சொல்லிக் கொடுக்கட்டுமா மேடம்?" என்று அம்மா கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். மனப்பாடம் செய்த பிள்ளை ஒரு வார்த்தை மாறினாலும் தடுமாறிவிடும், அதுவே அவள் சொன்ன உண்மையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். கோர்ட் ஹாலை முன்கூட்டியே காட்டினோம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்றோம், அவ்வளவுதான்.

அன்றைக்கு நீதிபதி அம்மா முதலில் பள்ளிக்கூடம் எது, காலையில் என்ன சாப்பிட்டாய், பொய் சொல்வது சரியா தப்பா என்றெல்லாம் கேட்டார். பார்ப்பவர்களுக்குச் சும்மா பேச்சுக் கொடுப்பது போல இருக்கும், ஆனால் கேள்வி புரிந்து பதில் சொல்லத் தெரிகிறதா என்று கோர்ட் எடைபோடுவது இங்கேதான். சத்தியப் பிரமாணம் புரியாத, 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை அது எடுக்காமலே சாட்சி சொல்லலாம்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் நேராகக் கேட்க முடியாது, 33ஆவது பிரிவுப்படி நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். சம்பவம் நடந்தது என்ன தேதி என்று வக்கீல் கேட்கச் சொன்னார். தெரியாது, லீவு நாள், கரண்ட் இல்லை என்றாள். அப்புறம்தான் நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது: "அம்மா சொல்லிக் கொடுத்தாங்களா?"

"ஆமா."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நீதிபதி அதோடு விடவில்லை, அம்மா என்ன சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டார். "பயப்படாம நடந்ததைச் சொல்லுன்னு." இரண்டு பதிலும் பதிவாயின. அந்த ஒரு கேள்வியை அவர் கேட்காமல் போயிருந்தால், "ஆமா" மட்டும் காகிதத்தில் நின்றிருக்கும்.

பிள்ளைகளைச் சொல்லிக்கொடுத்துப் பேசவைக்க முடியும், அதனால் கோர்ட் உஷாராக இருப்பது நியாயம்தான். ஆனால் நம்பும்படி இருந்தால் குழந்தையின் சாட்சியத்தை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1997இலேயே சொல்லிவிட்டது. தேதி மறந்ததையும், முன்பு மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தபோது சாயங்காலம் என்றவள் இங்கே ராத்திரி என்றதையும் பெரிய முரண்பாடாக்கக் கூடாது.

போகிறவர்கள் தண்ணீரும் பிஸ்கட்டும் எடுத்துப் போங்கள். பிள்ளை சோர்ந்தால் இடைவேளை கேளுங்கள், சட்டத்திலேயே இருக்கிறது. குற்றவாளிக் கூண்டு கண்ணில் படாமல் திரை போடச் சொல்லி அரசு வக்கீலிடம் முந்தின நாளே பேசிவிடுங்கள்.