ஓதம் ஏறிய சுவரில் சிமெண்ட் பூசும் முன்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய வீடுகளில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குச் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்து கிடக்கும். கொத்திவிட்டு சிமெண்ட் பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கும். அப்புறம் ஓதம் புதுப் பூச்சுக்கும் மேலே ஓரடி ஏறி நிற்கும். அடியிலிருந்து ஏறும் ஈரம் அதுவரை சுவரின் முகத்தில் ஆவியாகிக்கொண்டிருந்தது. கெட்டி சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால்தான் ஈரம் மேலே போகிறது.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். தெருவில் ரோடு போட்டுப் போட்டு உயர்த்தி, வீட்டுத் தரை பள்ளமாகியிருக்கும். சுவரை ஒட்டி அணைந்து கிடக்கும் மண்ணை எடுத்து, மழைத்தண்ணீர் விலகி ஓட வாட்டம் கொடுக்காமல் உள்ளே பூசுவது வீண்செலவு.

அடுத்தது காலம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12ல் திறந்து, வாய்க்காலும் வயலும் நனைந்தால் நிலத்தடி ஈரமும் உயரும். அதனால் மாசியில் கொத்தி, பங்குனி முழுக்கக் காயவிட்டு, சித்திரையில் பூசுவதுதான் சரி. கறை தெரியும் இடத்துக்கு மேலே இன்னும் ஓரடி சேர்த்துக் கொத்துங்கள். செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் தோண்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள்; தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும்.

சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டிய நாட்டுச் செங்கல் சுவர் என்றால் சுண்ணாம்புப் பூச்சுதான். நீற்றிச் சலித்து, 15 நாளாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. இரண்டு தடவையாகப் பூசி நிழலில் மெல்ல இறுக விடவேண்டும். இதற்குக் கை பழகிய ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் பட்ட பாடெல்லாம் போச்சு; வெள்ளையடிப்பு போதும்.

சிமெண்டில் கட்டிய சுவருக்கு 1:5, அதாவது சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஐந்து பங்கு. ஒரு மூட்டைக்கு மணல் ஆறு கன அடிக்கு மேல் போகக் கூடாது. 12 மில்லிமீட்டர் கனத்தில் 100 சதுர அடிக்கு ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். கல் உடைக்கும் கிரஷர் தூளை எம்.சாண்ட் (பாறையை உடைத்துத் தயாரிக்கும் மணல்) என்று இறக்கிவிடுவார்கள். தூள் மிகுந்தால் பூச்சு வெடிக்கும். வேதாரண்யம், நாகை ஓரத்து உப்புத் தண்ணீர் போர்வெல் இந்த வேலைக்கு உதவாது, நல்ல தண்ணீர் வண்டியில் வாங்கியே குழையுங்கள்.

சுவரை முன்கூட்டியே நனைத்து, மேலே தண்ணீர் மினுமினுப்பு அடங்கியதும் பூசுங்கள். காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பூச்சு பிடிக்காது. தூக்குக்குண்டு பிடித்து, ஓட்டுச்சில்லு பதித்துப் பொட்டு (பூச்சின் கனத்துக்கு அடையாளம்) வைத்தால்தான் கனம் சீராக வரும். தூணும் செங்கலும் சேரும் இடத்தில் இருபுறமும் அரை அடி படும்படி கோழி வலை அடியுங்கள். குழைத்த கலவையை அரை மணி நேரத்தில் தீர்த்துவிடவேண்டும். இறுகியதில் தண்ணீர் ஊற்றிக் கிளறித் தருவதை வாங்காதீர்கள். பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மணியாசுக் கட்டை ஓட்டும்போது வழவழப்புக்காக வறட்டு சிமெண்ட் தூவவும் விடாதீர்கள், மயிரிழை வெடிப்பு அதில்தான் தொடங்குகிறது.

மறுநாளிலிருந்து ஏழு நாள், தினம் மூன்று வேளை தண்ணீர் காட்டுங்கள். பிறகு கரண்டிக் காம்பால் தட்டிப் பாருங்கள். 'டொப்'பென்று பொந்துச் சத்தம் கேட்கும் இடத்தைக் கொத்தனார் கணக்கு முடிக்கும் முன்பே கொத்திப் பூசச் சொல்லுங்கள்.