என்பிஏ டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்து, திரும்ப எடுத்த அனுபவம்

அமெரிக்காவில் முதுகலை படித்தபோது பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் பகுதி நேர வேலை பார்த்தேன், வீரர்கள் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) விதிகளை மீறிவிடாமல் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் அது. 2025 டிராஃப்டுக்கு, அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வுக்கு, எங்கள் கூடைப்பந்து அணியின் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் பெயர் கொடுத்தான். படிவங்கள், கடிதங்கள் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போயின.

தகுதி விதியில் பெரிய சிக்கல் இல்லை. அந்த வருடத்துக்குள் 19 வயது நிறைய வேண்டும், அமெரிக்க மாணவன் என்றால் பள்ளிப் படிப்பு முடிந்து ஒரு என்பிஏ சீசனாவது கடந்திருக்க வேண்டும். 2006 டிராஃப்டிலிருந்து இப்படித்தான். லெப்ரான் ஜேம்ஸ் மாதிரிப் பள்ளியிலிருந்து நேராகப் போவது அதோடு நின்றுவிட்டது.

ஆளைக் கவிழ்ப்பது தேதிதான். 2025இல் பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 26. பெயரைத் திரும்ப எடுக்க என்பிஏ ஜூன் 15 வரை விட்டது, ஆனால் கல்லூரியில் மறுபடி ஆட வேண்டுமென்றால் என்சிஏஏ சொன்ன மே 28 இரவுக்குள் எடுத்தாக வேண்டியிருந்தது. இணையத்தில் தேடினால் ஜூன் தேதியும் கண்ணில் படும், அதை நம்பி உட்கார்ந்திருந்தால் கல்லூரி ஆட்டம் போச்சு.

அப்புறம் ஏஜென்ட். 2018க்குப் பிறகு ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் அவர் என்சிஏஏ சான்று பெற்றவராக இருக்க வேண்டும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கல்லூரிக்குத் திரும்பினால் அதை முறித்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால், என்பிஏ அணி நிர்வாகிகள் அடங்கிய ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த மொத்த ஏற்பாட்டிலேயே உருப்படியான விஷயம் அந்த மதிப்பீடுதான். சுற்றி இருக்கிற எல்லோரும் "நீ முதல் சுற்றிலேயே போவாய்" என்று ஏற்றிவிடும்போது, எந்தச் சுற்றில் எடுப்பார்கள், எடுக்காமலே போகலாமா என்று பட்டென்று சொல்ல ஆள் வேண்டுமே. இவனுக்கு வந்த பதில் இரண்டாம் சுற்று, அதுவும் சந்தேகம்தான். முதல் சுற்றில் போகும் 30 பேருக்கு இரண்டு வருடச் சம்பளம் உறுதி, அதற்குக் கீழே அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை.

இதற்கு நடுவில் செமஸ்டர் தேர்வு வேறு. அணிகளிடம் பயிற்சி காட்டப் போகிற அவசரத்தில் பாடத்தைக் கோட்டை விட்டால், டிராஃப்ட் விதிப்படி திரும்ப வர முடிந்தாலும் மதிப்பெண் குறைந்து உட்கார வேண்டியதுதான். அவனுடைய பேராசிரியர்கள் இரண்டு தேர்வுகளைத் தள்ளி வைக்கச் சம்மதித்தார்கள், அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

மே 28 மாலை என்பிஏவுக்கு விலகல் கடிதம் போனது, கூடவே ஏஜென்ட் ஒப்பந்தத்தை முடிக்கும் கடிதத்திலும் கையெழுத்து வாங்கி நகலைக் கோப்பில் வைத்தேன். கடிதம் கிடைத்தது என்று எழுத்தில் பதில் வரும்வரை அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை.

2021இல் 353 பேர் கல்லூரி ஆட்டக்காலம் முடியுமுன்பே முன்கூட்டியே பெயர் கொடுத்தார்கள், 2025இல் வெறும் 106. கல்லூரியிலேயே விளம்பர வருமானம் வரத் தொடங்கியதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இவனும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் திரும்பினான், அது சரியான முடிவு.