நாலு வயதுக்குப் பயிற்சிப் புத்தகம் வேண்டாம், புளியங்கொட்டை போதும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் என்னும் புதுக் குடியிருப்புக்குக் குடிவந்த வீடுகளில் ஒரு பதற்றம் தெரிகிறது. பிள்ளை நூறு வரை ஒப்பிக்கிறதே, இன்னும் எழுத வரவில்லையே என்று. முதலாம் ஆண்டுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கிறது. 2017 பாலர் பள்ளிக் கலைத்திட்டமும் விளையாட்டுவழிக் கற்றலைத்தான் வலியுறுத்தியது. அப்படியிருக்க நாலு வயதுப் பிஞ்சு விரலில் பென்சிலைத் திணிப்பது கொடுமை.

ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. பத்துப் புளியங்கொட்டையைப் பரப்பி எண்ணச் சொல்லுங்கள். வாய் ஓடும், விரல் பின்தங்கும். ஒரே கொட்டையை இரண்டு தரம் எண்ணும். எதை எண்ணினோம் என்று நினைவில் வைப்பதுதான் அங்கே சிரமம். அதட்டாமல் இரண்டு கிண்ணம் கொடுங்கள். எண்ண எண்ண ஒரு கிண்ணத்திலிருந்து மற்றதற்கு மாற்றட்டும், பிழை தானாகக் குறையும்.

முடித்ததும் “எத்தனை, கண்ணு?” என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. ஐந்து கொட்டைக்குக் குறைத்து, எண்ணியதும் சிரட்டையால் மூடிவிட்டுக் கேளுங்கள். கண்ணுக்கு எண்ண எதுவும் இல்லாதபோது பிள்ளை யோசிக்கும். பிறகு அது பார்க்க இன்னொரு கொட்டையை உள்ளே தள்ளி, இப்போது எத்தனை என்று கேளுங்கள். கூட்டல் அங்கே பிறக்கிறது.

அடுத்தது முட்டை அட்டை. குழிக்கு ஒன்றாகப் போடுவதே ஒரு வேலை. குழியைத் தாண்டிப் போனால் திரும்பி வந்து நிரப்பட்டும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கொட்டையைக் கிள்ளி எடுக்கும் பழக்கம் பின்னால் பென்சில் பிடிக்கவும் உதவும்.

ஐந்தரை, ஆறு வயதில் பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5, மொத்தம் 70 கொட்டை. ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’; குழிக்குரியவர் அள்ளிக்கொள்ளலாம். எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் நான்கைக் கண்டுகொள்ளும் திறமை இதில் வளர்வதுபோல எந்தத் தாளிலும் வளராது. பாட்டிமார் பிள்ளையின் பசுவை முந்திக்கொண்டு சுட்டிக்காட்டாமல் இருந்தால் போதும்! பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளையோடு அவர்களின் பல்லாங்குழியான சொங்காக் ஆடுவதென்றால் ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு 7 என்று 98 வேண்டும். தவிர, இரு முனையிலும் ஆளுக்கொரு பெரிய ‘வீடு’ உண்டு. போகிற வழியில் தன் வீட்டில் ஒன்று போட வேண்டும், எதிராளி வீட்டைத் தாண்டிவிட வேண்டும்.

கொட்டையில் கவனம் தேவை. மூன்று வயதுக்குக் கீழே புளியங்கொட்டையே கூடாது, தொண்டையில் அடைக்கும். தம்பி தங்கை தவழும் வீட்டில் ஆட்டம் முடிந்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மூடுங்கள். அந்த எண்ணிக்கையையும் பிள்ளையே செய்யட்டும். புளியங்கொட்டைக்குப் பதில் முழுச் சிவப்பான சாகா மணியை (மஞ்சாடி) எடுத்தால், அதோடு கறுப்புப் புள்ளி வைத்த குண்டுமணி கலந்துவிடக் கூடாது. குண்டுமணியைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ரப்பர் கொட்டையும் பச்சையாக வாயில் போடத் தகாதது, சயனைடு உண்டாக்கும். புளியங்கொட்டையைக் கழுவி நன்றாகக் காயவைத்தே எடுத்துவையுங்கள், இந்த ஈரக் காற்றில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும்.