கொக்குச் சேரின் வகுப்பு

யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புகளுக்கு ஒரே நீள மண்டபம். நடுவில் சுவர் கிடையாது, கரும்பலகைகள்தான் எல்லை. அந்தப் பக்கம் சமய பாடத்தில் தேவாரம் பாடினால் இந்தப் பக்கம் நாங்கள் வாங்கில் தாளம் போடுவோம். இந்தப் பக்கம் ஆங்கில ரீச்சர் கேட்கிற கேள்விக்கு அடுத்த வகுப்புக்காரன் பதில் சொல்லுவான். கிணற்றடிக்குப் பக்கத்து மண்டபத்தில் படித்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்கத் தேவையில்லை.

அந்தச் சத்தத்துக்குள் பாடம் நடத்துவதற்கு ஆசிரியர்கள் இரண்டு வழி வைத்திருந்தார்கள். சிலர் சத்தத்தை விடப் பெரிய சத்தம் போட்டார்கள். சிலர் பிரம்பால் மேசையில் அடித்தார்கள். பிறகு எங்களுக்கும் அடித்தார்கள். இரண்டுக்கும் ஐந்து நிமிடப் பலன் இருந்தது. பாடவேளையோ 40 நிமிடம்.

1993இல் எட்டாம் வகுப்பில் எங்களுக்குக் கணிதத்துக்கு வந்த சேர் இரண்டையும் செய்யவில்லை. நெட்டையான, ஒல்லியான மனிதர். கேள்வி கேட்டுவிட்டு ஒரு காலில் பாரம் போட்டு, கழுத்தை நீட்டியபடி அசையாமல் நிற்பார். அதனால் கொக்குச் சேர். இந்தப் பெயர் அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் வகுப்புக்கு வருவதே எங்களுக்குத் தெரியாது. முந்தின பாடவேளை முடிய முன்னரே மொனிற்றரின் கையில் ஒரு துண்டுக் கடதாசி வந்துவிடும். அதில் மூன்று கணக்குகள் இருக்கும். மணி அடித்தவுடன் மொனிற்றர் அவற்றைக் கரும்பலகையில் எழுதவேண்டும். முதலாவது போன கிழமை செய்தது, யாரும் செய்துவிடலாம். இரண்டாவது நேற்றையது. மூன்றாவது எவராலும் செய்ய முடியாது. அதை வெட்டி எழுதி, பக்கத்தில் எட்டிப்பார்த்து, "உனக்கு என்ன வந்தது?" என்று குசுகுசுத்துக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்த்தால் சேர் பின்பக்கத்தில் நிற்பார். அந்த மூன்றாவது கணக்கில்தான் அன்றைய பாடம் தொடங்கும்.

ஒரு ஆசிரியர் போய் அடுத்தவர் வருவதற்குள் இருக்கிற அந்த ஐந்தாறு நிமிடத்தில்தான் எங்களுடைய குழப்படி எல்லாம் நடந்தது. கொப்பி எறிந்தது, வாங்கில் மை ஊற்றியது, ஒருவனின் செருப்பை ஓட்டுக்கு மேலே போட்டது எல்லாம் அந்த இடைவெளியில்தான். கொக்குச் சேர் எங்களைத் திருத்த முயற்சி எடுக்கவில்லை. அந்த இடைவெளியை அடைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்தது அவர் கேள்வி கேட்கிற விதம். மற்றவர்கள் முதலில் ஒருவனை எழுப்பிவிட்டு அப்புறம் கேள்வியைக் கேட்பார்கள். ஒருவன் எழும்பியதும் மற்ற 41 பேரும் நிம்மதியாக வேறு வேலை பார்ப்போம். கொக்குச் சேர் கேள்வியை முதலில் போடுவார். பிறகு நிற்பார், உறுமீனுக்குக் காத்திருக்கிற மாதிரி. மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணலாம். அந்த நேரத்தில் பெயர் யாருடையதாகவும் இருக்கலாம் என்பதால் 42 தலைக்குள்ளும் கணக்கு ஓடும். கடைசியில்தான் பெயர் வரும். ஒரு பாடவேளையில் ஒருமுறை பதில் சொன்னவன் இனித் தப்பினேன் என்று இருக்கவும் முடியாது. "அவன் சொன்னது சரியோ, நீ சொல்லு" என்று திரும்பவும் வந்து நிற்பார்.

முப்பது வயது தாண்டிய பிறகு லண்டனில் ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். அங்கே மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிச் சொன்னார்கள். 1970களின் தொடக்கத்தில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டவர் அவர். அதை மூன்று செக்கனாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள், "தெரியாது" என்பது குறைந்தது. பயிற்சி வகுப்பில் எல்லோரும் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கொக்கை ஆங்கிலத்தில் விளக்கப் போய்ப் பாதியில் விட்டுவிட்டேன்.

சிலேற்றுக் கதையும் அப்படித்தான். போரினால் எங்கள் பக்கத்துக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். கொப்பி கிடைப்பதே பாடு. கிடைத்த கொப்பியில் ஓரம் விடாமல் எழுதினோம். அம்மாக்களும் பெரியம்மாக்களும் படித்த பழைய சிலேற்றுகளைப் பரணிலிருந்து எடுத்து வரச்சொன்னார் சேர். எட்டாம் வகுப்பில் சிலேற்றா என்று எங்களுக்கு வெட்கம். கணக்கைச் சொல்லுவார், எழுதுவோம், "தூக்கு" என்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் சிலேற்றைத் தலைக்கு மேலே தூக்கவேண்டும். ஒரு பார்வையில் யாருக்கு விளங்கியது, யாருக்கு விளங்கவில்லை, யார் பக்கத்தில் பார்த்து எழுதினான் என்று பிடித்துவிடுவார். இன்று என் வகுப்பில் பிள்ளைகள் அதே வேலைக்குச் சிறிய வெள்ளைப் பலகையையும் மார்க்கர் பேனாவையும் வைத்திருக்கிறார்கள். எங்களுடையதற்கு எச்சில் போதும்.

கரும்பலகையில் நாளுக்கு ஒரு பிழையும் விடுவார். கண்டுபிடிக்கிறவன் எழும்பிப் போய்த் திருத்தலாம். வேண்டுமென்று விட்டாரா, உண்மையிலேயே பிழைத்தாரா என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் அவர் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் பூனை எலியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு மறக்காதது சைக்கிள் கணக்கு. விகிதம் தொடங்கிய நாள். புத்தகத்தைத் திறக்கவில்லை. "நாளைக்கு வரும்போது வீட்டிலை இருக்கிற சைக்கிளின்ரை முன்பல்லுச் சில்லிலை எத்தனை பல்லு, பின்னுக்கு எத்தனை பல்லு எண்டு எண்ணிக்கொண்டு வாங்கோ. சில்லின்ரை விட்டத்தையும் அளந்து வாங்கோ" என்றார். பெற்றோல் இல்லாத ஊர் அது, சைக்கிள் இல்லாத வீடில்லை. இரவில் ரேடியோ கேட்பதற்கும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிய காலம். அப்பாவின் சைக்கிளில் கிறீஸ் பூசிய பல்லுகளை ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் எண்ணினேன். முன்னுக்கு 48, பின்னுக்கு 20. சில்லு 28 அங்குலம்.

அடுத்த நாள் கேள்வி இதுதான்: ஒரு கட்டை தூரம் போக எத்தனை மிதி? (புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு: கட்டை என்றால் மைல்.) பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சில்லு 2.4 முறை சுற்றும். 28ஐ இருபத்திரண்டின் கீழ் ஏழால் பெருக்கினால் சில்லின் சுற்றளவு 88 அங்குலம். ஆக ஒரு மிதிக்கு 211.2 அங்குலம், அதாவது 17.6 அடி. மைலுக்கு 5280 அடி. வகுத்தால் மிச்சமில்லாமல் 300. எனக்கு அந்த 300 வந்தபோது பிழையாகத்தான் இருக்கும் என்று நினைத்து மூன்று தரம் செய்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவனுக்கு ஏதோ தசமத்தில் இழுபட்டது. அவனுடைய சைக்கிளின் பல்லு வேறு. சேரின் கெட்டித்தனம் எங்கே இருந்தது என்று பல வருடம் கழித்துத்தான் பிடிபட்டது: ஆளுக்கு ஆள் எண் வேறு, யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது. ஆனால் எப்படிச் செய்வது என்று கேட்கலாம். அன்று மண்டபம் முழுக்கச் சத்தம். அதிபர் எட்டிப்பார்த்தார். எல்லாம் கணக்குச் சத்தம் என்று கண்டு போய்விட்டார்.

நான் ஆசிரியரான முதல் வருடம் இதெல்லாம் மறந்துவிட்டது. பிள்ளைகள் கதைத்தால் கண்டித்தேன், கேட்காவிட்டால் இன்னும் உரக்கக் கண்டித்தேன், மாலையில் தொண்டை கட்டியபடி வீடு வந்தேன். அந்த நாட்களில்தான் ஜேக்கப் கூனின் செய்த ஆய்வைப் படித்தேன். டெட்ராயிட்டில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். விரிவுரையின்போது பின்வரிசையில் பேப்பர் வாசித்த ஒரு மாணவனை ஒருநாள் கண்டித்தார். அவனை விட மற்றவர்கள்தான் அதிகம் அடங்கிப்போனார்கள். அது ஏன் என்று தேடத் தொடங்கி வகுப்பறைகளை வீடியோவில் பதிந்து ஆராய்ந்து, 1970இல் முடிவை வெளியிட்டார். எப்படிக் கண்டிக்கிறார்கள் என்பதில் நல்ல ஆசிரியருக்கும் திணறுகிற ஆசிரியருக்கும் வேறுபாடு இல்லையாம். வேறுபாடு அதற்கு முன்னரே இருக்கிறது: பாடம் தொய்யாமல் ஓடுகிறதா, பதில் சொல்லாத பிள்ளைக்கும் வேலை இருக்கிறதா, முதுகுக்குப் பின்னாலும் ஆசிரியருக்குக் கண் இருக்கிறதா என்பதில். வாசித்து முடித்த இரவு மூன்று கணக்குகளை ஒரு துண்டில் எழுதி வைத்தேன்.

ஒன்றை மறைக்கக்கூடாது. கொக்குச் சேரின் வலையிலும் விழாத இரண்டு பேர் கடைசி வாங்கில் இருந்தார்கள். சிலேற்றில் கணக்குக்குப் பதிலாகச் சேரின் படத்தை வரைந்து தூக்கினார்கள். சேர் பார்த்துவிட்டு, "மூக்கு நீளம் காணாது" என்று சொல்லிப் போய்விட்டார். அதில் ஒருவன் ரொறன்ரோவில் இருக்கிறான், இந்த மலரைக் கட்டாயம் வாசிப்பான். மச்சான், வணக்கம்.

குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தால் பதுங்குகுழிக்குள், அதுதான் பங்கருக்குள், ஓடுவோம். சத்தம் அடங்கித் திரும்பி வந்ததும் எதுவும் நடக்காத மாதிரி, "எங்கை விட்டனாங்கள்?" என்று கேட்பார். விட்ட இடம் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இராணுவம் நெருங்கி வந்ததால் 1995 ஒக்ரோபர் 30 இரவு எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி, தென்மராட்சிக்குப் போகிற வழியில் நாவற்குழிப் பக்கம் நடந்தது. நாங்கள் பத்தாம் வகுப்பு. சில கிழமை கழித்துத் தென்மராட்சியில் இன்னொரு பள்ளிக்கூடத்தில் பின்னேரங்களில் எங்களுக்கு இடம் கிடைத்தது. இடம் என்றால் மாமரத்தின் கீழ். வாங்கு இல்லை, கரும்பலகை இல்லை, சிலேற்றுகள் வீடுகளோடு போய்விட்டன. வகுப்பில் பாதிப் பேர் இல்லை. யார் எங்கே என்று கேட்கவும் ஒருவருக்கும் துணிவில்லை.

சேர் வந்தார். ஒரு தடியை எடுத்து மணலில் மூன்று கணக்குகள் எழுதினார். பிறகு நிமிர்ந்து, "எங்கை விட்டனாங்கள்?" என்றார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு காலில் பாரம் போட்டு நின்றார். மூன்று செக்கன் இல்லை, அது எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"பயிற்சி ஒன்பது, நாலாம் கணக்கு, சேர்" என்றாள் முன்னால் இருந்த ஒருத்தி. அவளிடம் கொப்பி கூட இருக்கவில்லை.