கிராக்கோவில் பால் உணவகத்தைத் தேடிப் போங்கள்

போலந்தின் கிராக்கோ நகரத்துப் பெரிய சந்தைச் சதுக்கத்தைக் கட்டாயம் சுற்றிப் பாருங்கள். ஆனால் அங்கே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். கோபம் இன்னும் ஆறவில்லை என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சதுக்கத்தை ஒட்டிய ஓர் உணவகத்தில் நானும் நண்பரும் ‘கோலோன்கா’ கேட்டோம். பன்றியின் முழங்கால் பகுதியை வேகவைத்து, தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை அடுப்பில் வாட்டித் தருகிற உணவு அது. ருசியில் குறையில்லை. பில்லில்தான் அதிர்ச்சி. பட்டியலில் போட்டிருந்தது 100 கிராமுக்கான விலையாம். எலும்போடு வந்த துண்டோ முக்கால் கிலோவைத் தாண்டியது. போலந்தில் இறைச்சிக்கும் மீனுக்கும் இப்படி எடைக்கணக்கில் விலை வைப்பது வழக்கம்தான். ஆனால் அதைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, வெளிநாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஆர்டர் எடுப்பது நேர்மையற்ற வேலை. போலந்து நாணயமான ஸ்வோட்டி ஒன்று 20 ரூபாய்க்கு மேல் வருகிறது. பல வேளைகளுக்கென்று ஒதுக்கிய பணம் ஒரே வேளையில் கரைந்தது.

அன்றிரவு கணக்குப் பார்த்து, இனிப் பால் உணவகங்களில்தான் சாப்பாடு என்று முடிவு செய்தோம். பயணத்தில் எடுத்த மிகச் சிறந்த முடிவு அது.

‘பார் ம்லெச்னி’ எனப்படும் இந்தப் பால் உணவகங்களில் முதலாவதை, 1896-இல் வார்சாவின் நோவி ஷ்வியாத் தெருவில் ஸ்தானிஸ்வாவ் த்வுஜெவ்ஸ்கி என்பவர் திறந்தார். பால், முட்டை, மாவு ஆகியவற்றில் செய்த மலிவான உணவுகள்தான் அங்கே கிடைத்தன. கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்தில் இவை நாடெங்கும் தொழிலாளர்களின் சாப்பாட்டுக்கூடங்களாகப் பெருகின. 1989-க்குப் பிறகு நிறைய மூடப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றில் இறைச்சியில்லாத பல உணவுகளுக்கு அரசு மானியம் இன்றும் கிடைக்கிறது. அதனால்தான் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களும் மாணவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. பொதுப் பணத்தைச் செலவிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முறை எளிது. சுவரில் இருக்கும் பட்டியலைப் பார்த்துக் கல்லாவில் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். ரசீதைச் சமையலறை ஜன்னலில் கொடுக்க வேண்டும். கூப்பிட்டதும் தட்டை நாமே எடுத்து வந்து, சாப்பிட்டபின் நாமே திருப்பி வைக்க வேண்டும். கல்லாவில் இருந்த அம்மா சிரிக்கவே இல்லை. ஆனால் போலிஷ் பட்டியலை நான் விரலால் காட்டக் காட்டப் பொறுமையாக எழுதிக்கொண்டார், மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தார். எனக்கு அது போதும்.

அங்கே சாப்பிட்ட பியெரோகியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். உருளைக்கிழங்கு, ‘த்வாரூக்’ என்னும் புதுப் பாலாடைக்கட்டி, வதக்கிய வெங்காயம் ஆகியவற்றை மெல்லிய மாவில் வைத்து மடித்து, கொதிநீரில் வேகவைத்தது. மேலேயும் வதக்கிய வெங்காயம், பக்கத்தில் புளித்த க்ரீம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் விரலால் அழுத்திய தடம் தெரிந்தது. சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உள்ளே இறைச்சி இல்லாவிட்டாலும், மேலே பன்றிக்கொழுப்பைப் பொரித்த ‘ஸ்க்வார்கி’யைத் தூவிவிடுவார்கள். ‘பெஸ் ஸ்க்வாரெக்’ என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள். கூடவே, பழங்களை வேகவைத்து எடுத்த கொம்போட் ஒரு கண்ணாடித் தம்ளரில். எல்லாம் சேர்த்து, சதுக்கத்தில் கொடுத்த தொகையில் சிறு பங்குகூட ஆகவில்லை.

அடுத்து, ஜூரெக் சூப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோதுமைக்கு நெருங்கிய ‘ரை’ தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்து, பூண்டு போட்டுச் சில நாள் புளிக்க வைக்கிறார்கள். அந்தப் புளித்த நீர்தான் சூப்புக்கு அடிப்படை. வெள்ளைத் தொத்திறைச்சித் துண்டுகள், பாதியாக வெட்டிய அவித்த முட்டை, மார்ஜோரம் இலைப்பொடி. முதல் கரண்டியிலேயே பழைய சோற்று நீராகாரத்தின் புளிப்பு நாக்கில் ஏறியது. ஈஸ்டர் நாளில் பல வீடுகளில் இது கட்டாயம் உண்டு. போலந்துச் சமையல் வெறும் உருளைக்கிழங்கும் இறைச்சியும்தான் என்று எழுதுகிறவர்கள் இந்தப் புளிப்பைக் கவனிக்கவே இல்லை. நீண்ட குளிர்காலத்துக்குக் காய்கறியைச் சேமிக்க உப்பிலும் புளிப்பிலும் ஊறவைத்த நாடு அது. கிராக்கோவின் ஸ்தாரி கிளெபாஷ் சந்தைக்குப் போனால் புளித்த முட்டைக்கோஸும் வெள்ளரிக்காயும் குவிந்து கிடக்கும். அந்த முட்டைக்கோஸோடு பலவகை இறைச்சி, காட்டுக் காளான், உலர்ந்த பிளம் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பதுதான் பிகோஸ். மறுநாள் சூடுபடுத்தினால் இன்னும் நன்றாக இருக்கும்.

இரவில் பசித்தால் கிராக்கோவின் கசிமியேஜ் பகுதியில் இருக்கும் பிளாட்ஸ் நோவி சதுக்கம். நடுவில் இருக்கும் வட்டக் கட்டடத்தின் ஜன்னல்களில், நீளமான ரொட்டியில் காளானும் சீஸும் போட்டுச் சுட்ட ‘சாபியெகாங்கா’ விற்கிறார்கள். சாதாரண வகையை வாங்குங்கள். பத்து வகை சாஸ் ஊற்றியதில் காளானின் ருசியே தெரியாது, விலையும் கூடுதல்.

தாத்ரா மலையடிவார ஊரான சாகோபானேவுக்குப் போன பஸ் மலைச்சாலை நெரிசலில் ஊர்ந்தது, உள்ளே காற்றே இல்லை. ஆனாலும் ஓஸ்ட்சிபெக்குக்காக மறுபடியும் அதே பஸ்ஸில் ஏறுவேன். தாத்ரா மலை இடையர்கள் பெரும்பாலும் செம்மறியாட்டுப் பாலில் செய்து, செதுக்கிய மர அச்சில் அழுத்தி, உப்புநீரில் ஊறவைத்துப் புகையில் வாட்டும் சீஸ் அது. 2008 முதல் அந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு இருக்கிறது. செம்மறியாட்டுப் பால் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும், மீதி பசும்பாலாக இருக்கலாம். கடைத்தெருவில் மலிவாக விற்கும் சின்னச் சின்ன வட்டங்களில் பெரும்பாலானவை முழுக்கப் பசும்பாலில் செய்தவை. அவற்றையும் தணலில் சுட்டுக் கிரான்பெர்ரி ஜாமோடு தருகிறார்கள், நன்றாகவே இருக்கின்றன. ஆனால் உண்மையானதைச் சாப்பிட மேய்ச்சல் நிலத்துக் குடிசைக்கு ஏறிப் போங்கள். உப்பும் புகையும் தூக்கலாக, பல்லில் கிறீச்சிடும். விலை அதிகம்தான், அன்றைய மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு இதை வாங்கினோம்.

ஆடுகள் மலையில் மேயும் காலம் முடிந்தபின் போகிறவர்களுக்குப் புது ஓஸ்ட்சிபெக் கிடைக்காது. அவர்களுக்கு டிசம்பரில் வேறு பாக்கியம்: கிறிஸ்துமஸ் முந்தின இரவின் இறைச்சியில்லாத விருந்தில், காளான் அடைத்த குட்டி மாவுக் கொழுக்கட்டைகளான ‘உஷ்கா’க்கள் மிதக்கும் ‘பார்ஷ்ச்’ என்னும் பீட்ரூட் சூப். அந்தக் குளிர்காலப் பயணத்துக்கு இப்போதே பணம் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.