தெற்குக் கோபுரத்தைப் பார்த்து வாங்கிய யாஷிகா

மதுரை தெற்குமாசி வீதிப் பக்கம் மூடப்படவிருந்த ஒரு ஸ்டூடியோவில், சென்ற ஆண்டு 4,500 ரூபாய்க்கு ஒரு யாஷிகா மேட் 124ஜி வாங்கினேன். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் கொண்ட இந்தக் கேமரா 1970இல் சந்தைக்கு வந்தது. 120 எனப்படும் அகலமான பிலிம் ரோலில் 12 சதுரப் படங்கள் எடுக்கும். ஒவ்வொரு படமும் பக்கத்திற்கு ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் இருப்பதால், வழக்கமான 35 எம்எம் நெகட்டிவைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகமான பரப்பு கிடைக்கிறது. பெரிய நெகட்டிவ் மீது எனக்குள்ள ஆசைக்கு அதுவே காரணம்.

அதற்கு முன்பு, வேறொரு இடத்தில் 1,800 ரூபாய்க்கு ஒரு கேமராவை அதன் மெருகை மட்டும் பார்த்து வாங்கியிருந்தேன். லென்ஸின் உள்ளே பூஞ்சை வேர்விட்டுக் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்திருந்ததால், துடைத்த பிறகும் தழும்பு போகவில்லை. வெளியே தோல் உரிந்திருந்தாலும் பரவாயில்லை, பின்மூடியைத் திறந்து, அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் 'பி' நிலையில் பிடித்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் லென்ஸை ஊடுருவிப் பார்க்காமல் பணத்தை எடுக்கக் கூடாது என்று அன்றிலிருந்து உறுதியாக இருக்கிறேன்.

ஸ்டூடியோ உரிமையாளர் நாற்பது ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தவர். நான் ஒரு நொடி வேகத்தில் ஷட்டரை அழுத்தியபோது, "தம்பி, கண்ணால பாக்காதீங்க, அந்தக் கிர்ர்ருங்குற சத்தம் நிக்காம ஓடுதான்னு காதால கேளுங்க" என்றார். மெதுவான வேகங்களில் ஓடும் சிறு பற்சக்கரங்களில் பழைய எண்ணெய் இறுகிவிட்டால், சத்தம் இடையில் திக்கி நின்றுவிடும். நொடியில் 500இல் ஒரு பங்கு வேகம் நன்றாக இயங்குகிறது என்பதை வைத்து ஷட்டர் முழுவதும் நலமென்று நம்பிவிட முடியாது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் சோதனை அடுத்தது. மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு; கேமரா எப்போதாவது கீழே விழுந்திருந்தால் இரண்டின் போகஸும் ஒத்துப்போகாது. மாடிக்குச் சென்று, பிலிம் படியும் இடத்தில் ஒரு துண்டு பட்டர் பேப்பரை விறைப்பாக ஒட்டி, கீழ் லென்ஸை முழுதும் திறந்து, மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் கலசங்களை மேல் கண்ணாடியில் கூர்மையாக்கினேன். பட்டர் பேப்பரில் தலைகீழாக விழுந்த கலசங்களும், உருப்பெருக்கியில் பார்த்தபோது அதே கூர்மையில் இருந்தன. அந்த நொடியிலேயே வாங்குவதென்று மனம் முடிவு செய்துவிட்டது.

கேமராவிலுள்ள, வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்காகக் கூடுதல் விலை தர வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குரிய பாதரச பேட்டரி இப்போது தயாரிக்கப்படுவதில்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் 100 ஐஎஸ்ஓ பிலிமுக்கு லென்ஸ் திறப்பை எஃப் 16, ஷட்டரை நொடியில் 125இல் ஒரு பங்கு என்று வைத்தாலே போதும். பின்மூடியில் பிலிமைத் தட்டையாகப் பிடித்திருக்கும் அழுத்துத் தகடு 12 படத்திற்கான நிலையில் இருக்கிறதா என்பதைப் பார்ப்பது அதைவிட அவசியம். 24 படத்திற்கான நிலை, பின்தாள் இல்லாத 220 ரோலுக்கு உரியது.

முதல் ரோலைக் கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளத்தருகே எடுத்தேன். கழுவி உலர்த்திய பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, பிலிம் சீராக நகர்ந்திருக்கிறதா என்றறிய, இலைகளைப் பார்ப்பதற்கு முன் படங்களுக்கு நடுவிலிருந்த இடைவெளிகளைத்தான் அளந்தேன். பன்னிரண்டு படங்களுக்கு இடையிலும் அது ஒரே அளவில் இருந்தது.