சலேத் மாதாவின் சிலுவையில் ஒரு குறடு

பிரான்சின் லா சலேத்தில் காட்சி தந்த மரியன்னைதான் சலேத் மாதா. அவர் மார்பில் தொங்கும் சிலுவையைப் பலர் உற்றுப் பார்ப்பதில்லை. பாடுபட்ட இயேசுவின் ஒரு கைப்பக்கம் சுத்தியல், மறு கைப்பக்கம் குறடு. நம்முடைய பாவம் அவரை ஆணியால் அறைகிறது, மனந்திரும்புதல் அந்த ஆணியைப் பிடுங்குகிறது என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித்தருவார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கொடைக்கானல் சலேத் மாதா ஆலயத்தில், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் காத்திருந்தபோது பக்கத்திலிருந்த பாட்டி தம் செபப் புத்தகத்திலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் மடங்கி, எண்ணெய்ப் பிசுக்கேறிய படம். குறடு இருக்கும் இடம் மட்டும் விரல் பட்டுப் பட்டு வெளுத்துப் போயிருந்தது.

வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் மலையேறி, வெள்ளி அருவியைத் தாண்டி வருகிறவர்கள் பெரும்பாலும் ஏரிக்கும் தூண்பாறைக்கும்தான் போகிறார்கள். இந்த ஆலயத்துக்கு வருகிறவர்கள் மனத்தில் எதையாவது சுமந்துகொண்டு வருகிறார்கள்.

1846 செப்டம்பர் 19 அன்று, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில், லா சலேத் என்ற சிற்றூருக்கு மேலே மெலானி, மாக்சிமின் என்ற இரண்டு ஏழைப் பிள்ளைகள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைக் கைகளில் புதைத்து அழுதபடி ஒரு பெண்மணி அங்கே உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். ஐந்து ஆண்டுகள் விசாரித்த பிறகு, 1851-இல் கிரனோபிள் ஆயர் அந்தக் காட்சியை உண்மையென ஏற்றார். அந்த அன்னையின் பெயரில் 1866-இல் இயேசு சபைக் குரு லூயி சேன் சீர் கொடைக்கானலில் இந்த ஆலயத்தைக் கட்டினார்.

அன்னை எந்தப் பாவங்களுக்காக அழுதார் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நடுங்கும். கொலையையோ கொள்ளையையோ அவர் சொல்லவில்லை. ஓய்வுநாளிலும் ஓயாமல் வேலை பார்ப்பது, மகனின் திருப்பெயரை இழுத்து வண்டிக்காரர்கள் வசைபாடுவது, திருப்பலியைக் கேலிக்குரியதாக்குவது: நாம் பாவம் என்றே எண்ணாதவை. உருளைக்கிழங்கு அழுகிப்போனதையும் அவர் சொன்னார். பாட்டிக்கு அது நன்றாகப் புரிகிறது. மேல்மலைக்காரர் அவர். உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டுப் பிழைக்கிற குடும்பம்.

மாக்சிமினின் அப்பா வண்டிச் சக்கரம் செய்கிறவர். கோவில் பக்கம் எட்டிப் பார்க்காதவர். மகன் சொன்ன காட்சியை அவர் முதலில் நம்பவில்லை. ஆனால் ஒருமுறை கெட்டுப்போன கோதுமையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், மகனிடம் ரொட்டித் துண்டைப் பிட்டுக்கொடுத்து, "அடுத்த வருஷம் யார் சாப்பிடுவார்களோ" என்று அவர் சொன்னதை அந்த அன்னை நினைவுபடுத்தினார் என்று கேட்டதும் உடைந்துபோனார். கண்டித்துத் திருத்த முடியாத அந்த மனிதரை, பிள்ளைக்கு அவர் பரிவோடு கொடுத்த ரொட்டியை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பது திருத்தியது. பாவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை அதிகம் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

திருப்பலியின் தொடக்கத்தில் நாம் சொல்கிறோம்: "எல்லாம் வல்ல இறைவனிடமும், சகோதர சகோதரிகளே, உங்களிடமும் நான் பாவி என்று ஏற்றுக்கொள்கிறேன்." மார்பில் தட்டிக்கொண்டு இறைவனிடம் சொல்லிவிடலாம். அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சகோதரனிடம் சொல்லத்தான் நா எழுவதில்லை. ஞாயிறு தவறாமல் வருகிறவர்களுக்கே இந்தச் சோதனை அதிகம். இயேசு சொன்ன உவமையில், ஆலயத்தில் நின்று, வாரத்துக்கு இருமுறை நோன்பிருப்பதைக் கடவுளிடம் கணக்குச் சொன்ன பரிசேயர் பக்தியில் யாருக்கும் குறைந்தவர் அல்லவே.

பாட்டிக்கு இரண்டு மகன்கள். பூண்டுக் காட்டுக்குத் தண்ணீர் விடும் முறையில் தகராறு. ஒரே கோவிலுக்கு வந்து இருவரும் ஆளுக்கொரு பக்கமாக உட்காருவார்களாம். ஒரு நாள், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டம் பாட்டியின் வீட்டில் நடந்தது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரரிடம் நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்ற மத்தேயு நற்செய்திப் பகுதியை வாசித்தார்கள். கூட்டம் முடியும் முன்பே மூத்தவர் எழுந்து வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் போய் நின்றது தம்பியின் வாசலில். அண்ணன் இறங்கிப் போவது நம் குடும்பங்களில் சின்ன விஷயமா? தம்பி மனைவி நாற்காலி எடுத்துப் போட்டும் உட்காரவில்லையாம். "பெரியவன் என்ற திமிரில் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்" என்று நின்றபடியே சொல்லியிருக்கிறார்.

தம்பி பதில் சொல்லவில்லை. உள்ளே எழுந்து போய்விட்டார். அது பாட்டியை மிகவும் வாட்டியிருக்கிறது. அதற்கடுத்த ஞாயிறும் ஒன்றும் நடக்கவில்லை. பல வாரம் கழித்து, திருப்பலியில் சமாதானம் சொல்லும் நேரத்தில் தம்பி நடுவழியைக் கடந்து வந்து அண்ணனின் கையைப் பிடித்தார். பங்கு மக்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் சண்டையும் நடந்தது என்பதால் அதுவும் அவர்கள் முன்னால் நடந்தது சரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

"தண்ணீர் பிரச்சினை தீர்ந்துவிட்டதா, பாட்டி?" என்று கேட்டேன்.

"அது எங்கே தீர்ந்தது கண்ணு! இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இப்போது ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்" என்றார்.

அவருடைய முறை வந்துவிட்டது. பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணை முன்னே போகச் சொல்லிவிட்டு, மறுபடியும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகன்களின் கதையைச் சொல்லிவிட்டதால், சாமியாரிடம் தம் பாவத்தை மட்டும் சொல்ல வேண்டுமே என்று யோசிப்பதாகச் சொன்னார். மூத்தவனுக்குச் சாதகமாக எத்தனையோ நாள் பேசி, சின்னவனின் மனத்தைப் புண்படுத்தியது தாம்தானாம். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்.